பெயர் தெரியாத பூச்சி

கொல்லையில் செம்பருத்திச் செடி வைத்திருக்கும் எந்தப் பெண்மணிக்கும் இந்தச் சனியனைத் தெரியும். நேற்று வரை தளதளவென்று இருந்த கொழுந்து இன்று சுருண்டு கிடக்கும். இலையைப் புரட்டிப் பார்த்தால், யாரோ அரிசி மாவைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டிருக்கும். தொட்டால் விரல் பிசுபிசுக்கும். எறும்புகள் சாரி சாரியாக ஏறி இறங்கும். "மாவுப்பூச்சி வந்துவிட்டது!" என்று அலுத்துக்கொண்டு சோப்புத் தண்ணீரைத் தெளிப்போம், அல்லது கிளையையே ஒடித்து எறிவோம்.

அத்துடன் நம்முடைய ஆராய்ச்சி முடிந்தது. இது எந்த மாவுப்பூச்சி, எந்த ஊரிலிருந்து வந்தது, இதற்குச் சித்தப்பா பெரியப்பா யார் என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. கேட்டால், "பூச்சிக்கு ஜாதகமா எழுதப் போகிறாய்?" என்று வீட்டில் சிரிப்பார்கள்.

சிரிக்க வேண்டாம். பூச்சிக்கு ஜாதகம் எழுதுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு சமயம், ஒரு பூச்சியை இன்னதென்று சரியாகப் பிரித்தறிய முடியாமல் பல தேசங்களின் சாப்பாட்டுக்கே ஆபத்து வந்துவிட்டது. பிரித்தறிந்த பிறகுதான் விமோசனம் பிறந்தது. அந்தக் கதை நம் சேலத்து ஜவ்வரிசி வரைக்கும் வந்து சேருகிறது.

மூட்டைப்பூச்சியின் உறவினர்

முதலில் குலம் கோத்திரம். மாவுப்பூச்சி, அசுவினி, செதில்பூச்சி, வயலில் நாற்றம் அடிக்கும் கதிர்நாவாய்ப்பூச்சி எல்லாம் ஒரே பெரிய வம்சம். இவற்றுக்குக் கடிக்கும் பற்கள் கிடையாது. ஊசி போன்ற ஓர் உறிஞ்சுகுழல்தான் வாய். செடியில் அதைக் குத்தி, நாம் இளநீர் குடிப்பது போலச் சாற்றை உறிஞ்சும். நம் தூக்கத்தைக் கெடுக்கும் மூட்டைப்பூச்சியும் இந்த வம்சம்தான். அது மட்டும் செடியை விட்டு நம்மிடம் வந்துவிட்டது!

இந்த வம்சத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்டவை 80,000 வகைகளுக்கு மேல். மாவுப்பூச்சிகளில் மட்டும் சுமார் 2,000 வகைகள். இன்னும் பெயர் பெறாமல் காட்டிலும் மேட்டிலும் இருப்பவை எத்தனையோ.

இத்தனைக்கும் தனித்தனிப் பெயர் எதற்கு? ஊர்ப் பெயரே போதாதா? போதாது. மரவள்ளிக் கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் அது குச்சிக்கிழங்கு. நாகர்கோவில் பக்கம் மரச்சீனி. வேறு சிலருக்கு ஏழிலைக் கிழங்கு. மலையாளத்தில் கப்பை. ஒரே கிழங்குக்கு இத்தனை பெயர்! பூச்சிகளிலோ இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. தேயிலைத் தோட்டங்களையும் முந்திரியையும் பாழ்படுத்தும் ஒரு பூச்சியைத் 'தேயிலைக் கொசு' என்கிறார்கள். அது கொசுவே அல்ல. அதுவும் இந்தச் சாறு உறிஞ்சும் வம்சம்தான். பெயரை நம்பிக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தால் தேயிலை என்ன ஆவது?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே, ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் என்பவர் ஒவ்வொரு ஜீவனுக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். முதல் சொல் பேரினத்துக்குப் பொது. இரண்டாவது அதற்கே உரியது. நாம் இனிஷியலை முன்னே போட்டுப் பெயரைப் பின்னே எழுதுவதில்லையா, அது போல. பிராணிகளைப் பொறுத்தவரை 1758-ல் வெளிவந்த அவருடைய நூலைத்தான் இன்றும் பெயர்க் கணக்கின் ஆரம்பமாகக் கொள்கிறார்கள்.

காங்கோவில் வந்த கஷ்டம்

மரவள்ளியின் பிறந்தகம் தென் அமெரிக்கா. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். மழை பொய்த்தாலும், மண் மோசமானாலும் பொறுத்துக்கொண்டு விளையும் கிழங்கு அது. ஆகவே ஏழை ஜனங்களுக்கு அதுவே அன்னபூரணி ஆயிற்று. சுமார் 20 கோடி மக்களுக்கு அன்றாட ஆகாரம். காங்கோ பக்கத்தில் கிழங்கு மட்டுமல்ல, இலையையும் கீரை போல இடித்துச் சமைத்துவிடுவார்கள். அங்கே மரவள்ளியை நட்டுக் களை பறித்து, கிழங்கைத் தோண்டி, ஊறவைத்து, மாவாக்கிக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களே.

1973-ம் வருஷத்தில், காங்கோ நதியின் இரு கரைகளிலும் இருக்கும் கின்ஷாஸா, பிராஸவில் என்ற நகரங்களின் அருகே, மரவள்ளிக் கொழுந்துகள் முஷ்டி மடக்கியது போலச் சுருண்டுகொள்வதைக் கண்டார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த நடவுக் குச்சியின் கணுவில் ஒளிந்து வந்திருக்க வேண்டும்.

இந்தப் பூச்சியின் சமர்த்தைக் கேளுங்கள். இதில் ஆண் வர்க்கமே இல்லை. எல்லாம் பெண். துணை எதுவும் இல்லாமலே ஒவ்வொன்றும் சுமார் 400 முட்டை இடும். அவ்வளவும் பெண்ணாகவே பொரிக்கும். ஒரே ஒரு பூச்சி ஊர் வந்து சேர்ந்தால் போதும், வம்சம் விருத்தியாகிவிடும். காற்று அதன் குஞ்சுகளை அடுத்த வயலுக்கும், மனிதர்கள் விதைக்குச்சியோடு அடுத்த தேசத்துக்கும் கொண்டுபோனார்கள். கடுமையாகத் தாக்கிய இடங்களில் விளைச்சலில் ஐந்தில் நாலு பங்கு வரை போயிற்று. மறுபடி நடுவதற்கு நல்ல குச்சி கூடக் கிடைக்கவில்லை. மருந்து அடிக்கலாமே என்றால், கிழங்கை நம்பி வாழ்கிறவரிடம் மருந்துக்கு ஏது காசு? இலையையும் தின்கிற ஊரில் விஷத்தை எப்படித் தெளிப்பது?

கிராம்புத் தைலத்தில் குளியல்

பிராஸவில்லிலிருந்து அந்தப் பூச்சிகள் பாரிஸ் நகரத்து இயற்கை வரலாற்று மியூஸியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே டானியேல் மத்தீல்-ஃபெரெரோ என்ற பெண்மணி இந்தப் பூச்சி இனங்களை ஆராய்ந்து வந்தார்.

ஒரு பூச்சி புதியதா பழையதா என்று கண்டுபிடிப்பது எப்படி? வெறும் கண்ணுக்கு எல்லா மாவுப்பூச்சியும் மாவு பூசிய எள்ளுப் போலத்தான் தெரியும். (அந்த மாவு உண்மையில் மாவல்ல, பூச்சி தன் உடம்பிலுள்ள துளைகள் வழியாக வெளியே விடும் மெழுகு.) ஆகவே பூச்சியை முதலில் சாராயத்தில் போட்டு வைக்கிறார்கள். பிறகு மிக மெல்லிய ஊசியால் அதில் ஒரு துளையிட்டு, காரத் திரவத்தில் இளஞ்சூட்டில் வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் சதையெல்லாம் கரைந்து, கண்ணாடிக் காகிதம் போலத் தோல் மட்டும் மிஞ்சும். அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, கிராம்புத் தைலத்தில் ஊறவைப்பார்கள். ஆமாம், பல்வலிக்கு நாம் பஞ்சில் நனைத்து வைத்துக்கொள்ளும் அதே கிராம்புத் தைலம்தான்! கடைசியில் கண்ணாடித் தகட்டில் பிசின் வைத்து ஒட்டி மைக்ராஸ்கோப்பின் கீழ் பார்ப்பார்கள். ஒரு முழுப் பூச்சியும், மேலே மூடும் மெல்லிய கண்ணாடியும், அவ்வளவுதான் சாட்சி.

சாதாரணமாக இந்த ஆராய்ச்சிக்கு உதவுவது பெண் பூச்சிகளே. மற்ற பல மாவுப்பூச்சி வகைகளில் ஆண் உண்டு. ஆனால் இரண்டு சிறகும் அற்ப ஆயுளுமாக வந்து போகும். வளர்ந்த ஆணுக்குச் சாப்பிடத் தகுந்த வாயே கிடையாது! குலத்தின் அடையாளமெல்லாம் பெண்ணின் தோலில்தான் எழுதியிருக்கிறது. உணர்கொம்பில் எத்தனை கணு, மெழுகுத் துளைகள் எங்கே எங்கே இருக்கின்றன, ஒரு துளையில் மூன்று அறையா ஐந்து அறையா, எந்த இடத்தில் எத்தனை துளை என்று ஒன்று விடாமல் எண்ண வேண்டும். பிறகு படம் வரைய வேண்டும். அந்தப் படமும் ஒரு விசித்திரம். இடது பாதியில் முதுகையும் வலது பாதியில் வயிற்றையும் காட்டி ஒரே உருவமாக வரைவார்கள். நம் அர்த்தநாரீசுவரர் மாதிரி!

இப்படியெல்லாம் எண்ணிப் பார்த்து, உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட எந்த வகையோடும் இது ஒத்துப்போகவில்லை என்று கண்டார் அந்த அம்மையார். 1977-ல் வர்ணனையை அச்சிட்டு, 'ஃபீனகாக்கஸ் மானிஹோட்டி' என்று நாமகரணம் செய்தார். மானிஹோட் என்பது மரவள்ளியின் சாஸ்திரப் பெயர். 'மரவள்ளிக்காரி' என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர் வைத்தால் மட்டும் போதாது. எந்தப் பூச்சியைப் பார்த்து வர்ணனை எழுதினாரோ அந்தக் கண்ணாடித் தகட்டையே 'மூல மாதிரி' என்று குறித்து மியூஸியத்தில் பத்திரப்படுத்த வேண்டும். நூறு வருஷம் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தாலும் அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்திரப் பதிவு ஆபீஸில் மூலப் பத்திரம் இருப்பது போல.

வேற்று ஊரில் தேடினார்கள்

பூச்சிக்குப் பெயர் கிடைத்தது. இனி அதன் சத்துருவைத் தேட வேண்டும். ஏனெனில், பிறந்த ஊரில் எந்தப் பூச்சியும் இப்படித் தலைவிரித்து ஆடுவதில்லை. அங்கே அதைத் தின்னும் பூச்சி ஒன்று கூடவே இருந்து அடக்கி வைக்கும். ஊர் விட்டு ஊர் வரும்போது பூச்சி மட்டும் வந்துவிடுகிறது. அதை அடக்குகிற ஆள் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆகவே தென் அமெரிக்காவின் வட பாகத்தில் தேடினார்கள். அங்கே மரவள்ளிச் செடியில் அதே மாதிரி மாவுப்பூச்சி இருந்தது. கொழுந்தை அதே மாதிரி சுருட்டிக்கொண்டும் இருந்தது. அதைத் தின்னும் குளவிகளும் கிடைத்தன. "ஆகா, அகப்பட்டது!" என்று மகிழ்ந்தார்கள். ஆனால் அந்தக் குளவிகளை ஆப்பிரிக்கப் பூச்சியின் மேல் விட்டபோது அவை பெருகவே இல்லை.

காரணம் என்ன? லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தைச் சேர்ந்த ஜென்னிஃபர் காக்ஸ், டி. ஜே. வில்லியம்ஸ் இருவரும் இரண்டு தேசத்துப் பூச்சிகளையும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து ஒப்பிட்டார்கள். வெறும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். மைக்ராஸ்கோப்புக்கோ வேறு வேறு. தலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஐந்து அறை மெழுகுத் துளைகளின் எண்ணிக்கை போன்ற சிறு சிறு குறிகள் மாறியிருந்தன. தவிர, ஆப்பிரிக்காவில் வந்தது ரோஜா நிறம். இது மஞ்சள் சாயல். ஆப்பிரிக்கப் பூச்சியில் ஆண் கிடையாது. இதில் ஆணும் உண்டு.

ஆக, தேடிப் பிடித்தது மரவள்ளிக்காரியை அல்ல. அவளுடைய ஒன்றுவிட்ட தங்கையை! தங்கைக்கென்று ஏற்பட்ட குளவி அக்காவைத் தொடவில்லை. 1981-ல் அந்தத் தங்கையையும் புதிய இனமாக அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஃபீனகாக்கஸ் ஹெரனி'. நைஜீரியாவின் இபாடான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சிக் கழகத்தில், ஆப்பிரிக்க மரவள்ளியைக் காப்பாற்றும் பொறுப்பை 1979-ல் ஏற்றிருந்த ஸ்விட்ஸர்லாந்துக்காரர் ஹான்ஸ் ருடால்ஃப் ஹெரனைக் கௌரவிக்க வைத்த பெயர் அது. அவர் எந்தப் பூச்சியோடு போராடினாரோ அதற்கு வேறு பெயர். தேவையில்லாமல் குறுக்கே வந்து நின்ற பூச்சிக்கு அவர் பெயர்!

பராகுவேயில் கிடைத்த விடை

இந்தக் கண்டுபிடிப்பால் ஒரு விஷயம் தீர்மானமாயிற்று: வடக்கே தேடிப் பயன் இல்லை, தெற்கே போக வேண்டும். அதே 1981-ல், கொலம்பியா நாட்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆண்டனி பெல்லோட்டி, பராகுவே தேசத்தில் உண்மையான மரவள்ளிக்காரியைக் கண்டார். அங்கே அது சாதுவாக, எண்ணிக்கையில் கொஞ்சமாக, இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. அதனால்தான் அத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. கூடவே அதன் சத்துருவும் கிடைத்தது. சீரக அளவு கூட இல்லாத ஒரு சின்னஞ்சிறு குளவி.

இதில் ஓர் ஆச்சரியம். அந்தக் குளவி புதியது அல்ல. அர்ஜெண்டினா தேசத்து நிபுணர் லூயிஸ் டி ஸாண்டிஸ், 1960-களிலேயே அதை வர்ணித்து 'லோபஸி' என்று பெயர் வைத்திருந்தார். காங்கோவில் கஷ்டம் வருவதற்குப் பல வருஷம் முன்பு, இன்ன காரியத்துக்கு ஆகும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் வைத்த பெயர்.

குளவிகளை நேரே கொண்டுபோய் விட்டுவிடவில்லை. இங்கிலாந்தில் காவலில் வைத்துச் சோதித்தார்கள். வேறு எதற்கும் தீங்கு செய்யாது என்று தெரிந்த பின் 1981-ன் கடைசியில் நைஜீரியாவில் முதன்முதலாக விட்டார்கள். குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். இரண்டு மூன்று வாரத்தில் புதிய குளவி கூட்டை உடைத்து வெளியே வரும். மனிதரைக் கொட்டாது, செடியைத் தொடாது. சில இடங்களில் ஆகாய விமானத்திலிருந்து கூடக் குளவிகளைத் தூவினார்கள். விட்ட இடத்திலிருந்து அவை தாமாகவே வயலுக்கு வயல் பரவின. இருபதுக்கும் மேற்பட்ட தேசங்களில் மரவள்ளி மீண்டும் துளிர்த்தது. இதற்காக ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது.

நம் ஊர்க் கதை

பெயர்க் குழப்பம் நம் தேசத்துக்குப் புதிது அல்ல. 1795-ல், விலை உயர்ந்த சிவப்புச் சாயம் தரும் பூச்சி என்று எண்ணி, பிரேசிலிலிருந்து சப்பாத்திக்கள்ளிப் பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது அசல் சாயப்பூச்சி அல்ல. மட்டமான சாயம் தரும் வேறு இனம். சாய வியாபாரம் படுத்தது. ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு வகைக் கள்ளியைத் தொடவில்லை. அந்த இரண்டாவது கள்ளியை ஒழிக்க, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் மற்றோர் இனப் பூச்சியை 1926-ல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குத் தருவிக்க வேண்டியிருந்தது.

2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி புகுந்தது. மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. அதற்கு 1992-லேயே பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் அதே வில்லியம்ஸும், மரியா கிரானாரா டி வில்லிங்க் என்ற அர்ஜெண்டினாப் பெண்மணியும். பெயர் தெரிந்ததால் பிறந்தகம் மெக்ஸிகோ பக்கம் என்று தெரிந்தது. சத்துருக் குளவிகள் எங்கே கிடைக்கும் என்பதும் தெரிந்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவிகள் வந்தன, பப்பாளி பிழைத்தது.

பிறகு மரவள்ளிக்காரியே நேரில் வந்துவிட்டாள். 2020-ல் கேரளத்தில் திருச்சூர் அருகே கண்டார்கள். அங்கிருந்து சேலம், நாமக்கல் வயல்களுக்கு வந்தது. அந்த வயல்களின் கிழங்குதான் ஆலையில் அரைபட்டு, பாலாக வடிந்து, மணியாகித் திரண்டு, நம் வீட்டுப் பாயசத்துக்கும் கூழ்வடாத்துக்கும் ஜவ்வரிசியாக வருகிறது. எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு அதில் இருக்கிறது.

ஆனால் இந்தத் தடவை யாரும் வேற்று ஊரில் தேடவில்லை. மைக்ராஸ்கோப்பில் துளைகளை எண்ணியும், இந்தக் காலத்து மரபணுச் சோதனை செய்தும், வந்தது இன்னதென்று அறிந்துகொண்டார்கள். பெயர் தெரிந்தது, பெயரோடு அதன் முழு வரலாறும் கைக்கு வந்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், ஆப்பிரிக்காவில் பெனின் தேசத்திலிருந்து லோபஸிக் குளவியை 2021-ல் தருவித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அதை முதன்முதலாக வெளியே விட்டார்கள்.

கணக்குப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் பூச்சியைப் பார்த்ததிலிருந்து சரியான குளவியை விடும் வரை எட்டு வருஷம். நம் ஊரில் இரண்டே வருஷம். இடையில் உள்ள ஆறு வருஷமும் மிச்சமானதற்கு மியூஸியங்களில் இருக்கும் அந்தக் கண்ணாடித் தகடுகளும் ஒரு முக்கியமான காரணம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வெளியூர், வெளிதேசம் போனால் "அழகாக இருக்கிறதே" என்று செடியின் குச்சியை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறோம். அதன் கணுவில் யார் குடியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. புதிதாக ஏதாவது பூச்சி செடியில் கூட்டமாகத் தென்பட்டால், நசுக்கி எறிவதற்கு முன் ஒன்றிரண்டை ஒரு சீசாவில் அடைத்து, பக்கத்து விவசாய ஆபீஸிலோ விவசாயக் கல்லூரியிலோ காட்டலாம்.

பூச்சியின் உணர்கொம்பில் கணு எண்ணிக்கொண்டு ஒருவர் ஆயுளைக் கழிக்கிறார் என்றால், கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். பாரிஸிலும் லண்டனிலும் அர்ஜெண்டினாவிலும் உட்கார்ந்து அப்படி எண்ணியவர்களில் யாரும் சேலத்துக் குச்சிக்கிழங்கை மனத்தில் வைத்துக்கொண்டு எண்ணவில்லை. சரியாக எண்ண வேண்டும் என்று எண்ணினார்கள், அவ்வளவுதான். அடுத்த பூச்சி எந்தக் குச்சியில் ஒளிந்து வருமோ, யார் கண்டது? அது வந்து சேருகிற அன்று, அதன் பெயரைச் சொல்வதற்கு ஒருவர் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும்.